"எல்லாத்துலயும் ஓடும் சார்" என்று ஃபார்மட் போட்டுத் தரும் பேக்கப் டிரைவ்: உஷார்

லேப்டாப்பை ஃபார்மட் போடக் கொடுக்கும்போது, "அப்படியே டேட்டாவையும் பேக்கப் எடுத்துடுங்க" என்று எக்ஸ்டர்னல் டிரைவையும் சேர்த்துக் கொடுக்கிறவர்கள், இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

தொலைந்த டேட்டாவை மீட்டுத் தரும் ரிக்கவரிக்கு வந்த ஒரு 1 டிபி டிரைவ். சர்வீஸ் கடையில் அதை ஃபேட்32-ஆக (டிரைவில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் ஒரு பழைய முறை) ஃபார்மட் செய்திருக்கிறார்கள். டிவி, கார், பழைய டிவிடி பிளேயர் எல்லாவற்றிலும் ஓடும் என்பது அவர்கள் சொன்ன காரணம். ஓடும், அதில் பொய் இல்லை. ஆனால் ஃபேட்32-இல் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தொடவே முடியாது. உச்ச வரம்பு அதற்கு ஒரு பைட் குறைவு. கல்யாண வீடியோ 11 ஜிபி, அவுட்லுக் மெயில் ஃபைல் 6 ஜிபி. காப்பி போடும்போது, ஃபைல் பெரிது, இந்த டிரைவில் கொள்ளாது என்று விண்டோஸ் ஒரு பெட்டியைக் காட்டும். அதில் 'ஸ்கிப்' அமுக்கி, மற்றவற்றுக்கும் இப்படியே செய் என்று டிக் போட்டுவிட்டால் போதும். அப்புறம் எத்தனை பெரிய ஃபைல் வந்தாலும் விண்டோஸ் வாயைத் திறக்காது.

ஃபோல்டர்கள் எல்லாம் பெயர் மாறாமல் இருந்தன, சின்ன ஃபைல்களும் இருந்தன. திறந்து பார்த்தவருக்குச் சந்தேகமே வரவில்லை. இரண்டு மாதம் கழித்து வீடியோவைத் தேடியபோதுதான் தெரிந்தது. அதற்குள் லேப்டாப்பின் எஸ்எஸ்டியில் (சுழலும் தட்டு இல்லாத, சிப்பில் சேமிக்கும் டிரைவ்) புது விண்டோஸ் ஏறிவிட்டது. பழைய ஹார்டு டிஸ்க்காக இருந்தால் ஏதாவது தேறியிருக்கும். எஸ்எஸ்டியில் ஃபார்மட் போடும்போதே, இந்த இடமெல்லாம் காலி என்று 'ட்ரிம்' கட்டளை போய்விடுகிறது. டிரைவ் உள்ளுக்குள் துடைத்துவிடும். கடையில் கேட்டதற்கு, "உங்க ஃபைல் முன்னாடியே கரப்ட் ஆகியிருக்கும்." பேக்கப்புக்கென்று தனியாகக் காசு வேறு வாங்கியிருந்தார்கள்.

இதைத் தெரியாமல் நடந்த தவறு என்றும் விட்டுவிட முடியாது. 32 ஜிபிக்கு மேற்பட்ட டிரைவுக்கு விண்டோஸின் ஃபார்மட் பெட்டி ஃபேட்32-ஐக் காட்டவே காட்டாது. தனி மென்பொருளோ கட்டளையோ போட்டு, மெனக்கெட்டுத்தான் செய்திருக்க வேண்டும்.

கொஞ்சம் விவரமான கடைக்காரர்கள் எக்ஸ்ஃபேட் என்ற இன்னொரு ஃபார்மட் போடுவார்கள். விண்டோஸ், மேக் இரண்டிலும் எழுதலாம், 4 ஜிபி வரம்பும் கிடையாது. ஃபைல்களை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோக அருமையான ஃபார்மட். ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கும் பேக்கப்புக்கு ஆகாது. இதில் ஜர்னல், அதாவது செய்யப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவு, இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது கேபிள் ஆடினாலோ கரண்ட் போனாலோ, எது எந்த நிலையில் நின்றது என்ற குறிப்பு எங்கும் இருக்காது. ஃபேட்32-ஆவது, ஃபைல்கள் டிரைவில் எங்கெங்கே இருக்கின்றன என்று சொல்லும் அட்டவணையை இரண்டு பிரதிகளாக வைத்திருக்கும். எக்ஸ்ஃபேட்டில் பெரும்பாலும் ஒன்றுதான். அடுத்த முறை சொருகினால், டிரைவை ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும், செய்யட்டுமா என்று விண்டோஸ் கேட்கக்கூடும். அப்போது தயவுசெய்து ஓகே கொடுத்துவிடாதீர்கள்.

இன்னொன்று, இட விரயம். 32 ஜிபியைத் தாண்டிய டிரைவில் விண்டோஸ் எக்ஸ்ஃபேட்டுக்கு 128 கேபி கிளஸ்டர் (ஒரு ஃபைலுக்கு ஒதுக்கும் மிகச் சிறிய இடத்துண்டு) போடுகிறது. 2 கேபி ஃபைலும் 128 கேபியைப் பிடித்துக்கொள்ளும். அப்படி 1 லட்சம் ஃபைல் இருந்தால், 200 எம்பி சரக்குக்கு 12 ஜிபிக்கு மேல் போய்விடும். "டிரைவ் ஃபுல் சார், பெரிசா வாங்குங்க" என்பார்கள், வாங்கிவிடாதீர்கள். (1 டிபி டிரைவ் 931 ஜிபி என்று காட்டுவது வேறு விஷயம். கணக்கிடும் முறையில் உள்ள வித்தியாசம், ஏமாற்று அல்ல.)

விண்டோஸ் மட்டும்தான் என்றால் யோசிக்கவே வேண்டாம், விண்டோஸின் சொந்த ஃபார்மட்டான என்டிஎஃப்எஸ். இதன் ஜர்னல் காப்பது ஃபைல் அமைப்பைத்தான். பாதி எழுதிய ஃபைல் பாதிதான் இருக்கும், ஆனால் டிரைவே திறக்காமல் போவது அரிது. மேக் இதைப் படிக்கும், தானாக எழுதாது. மேக்கிலேயே உள்ள பேக்கப் வசதியான டைம் மெஷினுக்கு, ஆப்பிளின் ஃபார்மட்டான ஏபிஎஃப்எஸ். 2020-இல் வந்த பிக் சர் என்ற மேக் பதிப்பு முதல் டைம் மெஷினுக்கு அது வேலை செய்கிறது, விண்டோஸில் திறக்காது. இரண்டு கம்ப்யூட்டரும் வீட்டில் இருந்தால் இரண்டு டிரைவ் வாங்குங்கள். லினக்ஸ் மட்டும் என்றால் அதன் ஃபார்மட்டான இஎக்ஸ்டி4.

கடையை விட்டுக் கிளம்பும் முன், டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸில் 'ஃபைல் சிஸ்டம்' வரியைப் பாருங்கள். பிறகு பழைய ஃபோல்டர், பேக்கப் ஃபோல்டர் இரண்டின் ப்ராப்பர்ட்டீஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஃபைல் எண்ணிக்கையையும் 'சைஸ்' வரியையும் ஒப்பிடுங்கள். 'சைஸ் ஆன் டிஸ்க்' கிளஸ்டருக்கேற்ப மாறும், அதை விட்டுவிடலாம். இப்போதைய விண்டோஸின் தேடலில் அளவு வடிகட்டியில் 'ஜைகான்டிக்' என்று ஒன்று உண்டு, 4 ஜிபிக்கு மேற்பட்டவை. மூல டிரைவில் அதைத் தேடி, வந்த ஒவ்வொன்றும் பேக்கப்பில் இருக்கிறதா, திறக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் லேப்டாப்பை அழிக்கச் சொல்லுங்கள். ஒப்பிட மூலம் இருந்தால்தானே ஒப்பிட முடியும்?

ஏற்கெனவே ஃபேட்32-இல் பேக்கப் வைத்திருப்பவர்கள், விண்டோஸின் 'கன்வர்ட்' கட்டளையால் அழிக்காமலே என்டிஎஃப்எஸுக்கு மாற்றலாம். அதற்கு முன் முக்கியமானதை இன்னொரு இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். எக்ஸ்ஃபேட்டுக்கு அந்த வசதி இல்லை. எல்லாவற்றையும் வேறு டிரைவுக்கு மாற்றி, புதிதாக ஃபார்மட் போட்டு, திரும்பக் கொண்டுவர வேண்டியதுதான்.