லினக்ஸ் டிரைவர்: கெர்னலுக்குள்ளேயா, மாட்யூலாகவா?

லினக்ஸின் மையக்கருவான கெர்னலை நாமே கட்டும்போது, அமைப்புகளைத் தேர்ந்தெடுக்கும் மெனுகான்ஃபிக் திரையில் ஒரு டிரைவருக்கு (வன்பொருளை இயக்கும் நிரலுக்கு) நட்சத்திரக் குறி போட்டால் அது கெர்னல் கோப்போடு சேர்ந்துவிடும். எம் போட்டால் /லிப்/மாட்யூல்ஸ் அடைவில், பிறகு ஏற்றக்கூடிய மாட்யூல் என்ற தனிக் கோப்பாக உட்காரும். வேகத்தை நினைத்து இதில் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம். ஏற்றியபின் இரண்டும் ஒரே கெர்னல் நினைவகத்தில், ஒரே அதிகாரத்தோடுதான் ஓடுகின்றன. ரூட் (லினக்ஸ் கோப்புகள் இருக்கும் முதன்மை ஃபைல்சிஸ்டம்) மவுண்ட் ஆவதற்கு, அதாவது இணைக்கப்படுவதற்கு, முன்பே அந்த டிரைவர் தேவையா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

என்விஎம்இ டிஸ்க்கில் (ஒரு வகை எஸ்எஸ்டி) எக்ஸ்ட்4 என்ற ஃபைல்சிஸ்டத்தில் ரூட் இருக்கிறது என்று வையுங்கள். என்விஎம்இ, எக்ஸ்ட்4 டிரைவர்கள் இரண்டையும் மாட்யூலாக்கி, இனிட்ராம்எஃப்எஸ் (பூட்டின் தொடக்கத்தில் நினைவகத்தில் ஏறும் சிறு தற்காலிக ஃபைல்சிஸ்டம்) இல்லாமல் பூட் செய்தால், டிஸ்க்கைப் படிக்க வேண்டிய டிரைவர் அந்த டிஸ்க்குக்குள்ளேயே கிடக்கும். "அனேபிள் டு மவுண்ட் ரூட் எஃப்எஸ்" என்று கெர்னல் பேனிக் ஆகி நின்றுவிடும். இரண்டையும் உள்ளே சேர்த்தால் இனிட்ராம்எஃப்எஸ் இல்லாமலே பூட் ஆகும். ஆனால் அப்போது 'ரூட்=' அளவுருவில் ஃபைல்சிஸ்டத்தின் அடையாள எண்ணான யுயுஐடி செல்லாது; டிஸ்க் பார்ட்டிஷனின் அடையாள எண்ணான பார்ட்யுயுஐடி கொடுங்கள். ரூட் லக்ஸ் குறியாக்கத்திலோ எல்விஎம்மிலோ (டிஸ்க் இடத்தைத் தொகுத்துப் பிரிக்கும் அமைப்பு) இருந்தால் எப்படியும் இனிட்ராம்எஃப்எஸ் வேண்டும்.

உள்ளே சேர்ப்பதிலும் ஒரு பொறி உண்டு: ஃபர்ம்வேர், அதாவது சாதனத்துக்குள் ஏற்றப்படும் மென்பொருள். ஏஎம்டி கிராஃபிக்ஸ் கார்டுக்கான ஏஎம்டிஜிபியு டிரைவர் உள்ளே இருந்தால், ரூட் வருமுன்பே ஃபர்ம்வேர் கோப்பைத் தேடும். கிடைக்காமல் பிழை -2 காட்டித் தோற்கும். கான்ஃபிக் எக்ஸ்ட்ரா ஃபர்ம்வேர் தேர்வில் அந்தக் கோப்புகளையும் கெர்னலோடு சேர்க்க வேண்டும். மாட்யூலாக விட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

வைஃபை, ஒலி, யுஎஸ்பி சாதனங்களுக்கு மாட்யூல்தான் நல்லது. வைஃபை முடங்கினால் மாட்யூலை ஏற்றி இறக்கும் கட்டளையான மோட்புரோப்பை -ஆர் உடன் கொடுத்து இறக்கி, மறுபடி ஏற்றலாம், ரீபூட் வேண்டாம். மோட்புரோப்.டி கோப்பில் அளவுருவை மாற்றலாம், தானாக ஏறாதபடி பிளாக்லிஸ்ட் செய்யலாம். உள்ளே சேர்த்த டிரைவருக்கு அந்தக் கோப்பு பொருந்தாது. அளவுருவை பூட் வரியில்தான் தர வேண்டும். புதுக் கெர்னலை நிறுவி, மாட்யூல்களை அடைவில் வைக்கும் 'மேக் மாட்யூல்ஸ்_இன்ஸ்டால்' மறந்தால் மட்டும் சாதனங்கள் பாதி வேலை செய்யாது.

மாறாத வன்பொருள் கொண்ட சர்வரில் மாட்யூல் வசதியையே அணைத்துவிடலாம். மாட்யூல் வழியாக நுழையும் ரூட்கிட்டுக்கு (ஒளிந்திருந்து கணினியைக் கைப்பற்றும் தீநிரலுக்கு) அந்தக் கதவு மூடிவிடும். அவ்வளவு தூரம் போக வேண்டாமென்றால், தேவையான மாட்யூல்கள் ஏறியதும் ஓடும் கெர்னலின் அமைப்புகளை மாற்றும் சிஸ்கன்ட்ரோலில் கெர்னல்.மாட்யூல்ஸ்_டிஸேபிள்ட்=1 கொடுங்கள்; அதன்பின் எந்த மாட்யூலையும் ஏற்றவோ இறக்கவோ முடியாது. ரீபூட் வரை அதைத் திருப்ப முடியாது.

இந்தத் தேர்வுகள் அடங்கிய கான்ஃபிக் கோப்பைத் தயாரிக்க 'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்' கைகொடுக்கும். அந்த நேரத்தில் ஏறியிருக்கும் மாட்யூல்களை மட்டுமே அது வைத்துக்கொள்வதால், பிரிண்டர், வெப்கேம், பென்டிரைவ் எல்லாவற்றையும் முதலில் செருகிவிட்டு ஓட்டுங்கள்.