ஏற்காடு பாக்கப் போயி ஆஸ்பத்திரி பாத்துட்டு வந்த கதை

மே மாசம் சிங்கப்பூர்ல இருந்து சேலம் வந்தேங்க, லீவு 3 வாரம். வந்த மூணாம் நாளே குடும்பத்தோட ஏற்காடு. இறங்கறப்ப 20 ஹேர்பின் பெண்டும் முடியறதுக்குள்ள அக்கா நாலு தடவ வாந்தி, வண்டி ஒத்துக்கலன்னு எலுமிச்சம்பழத்த மோந்து பாக்கச் சொல்லி கூட்டிட்டு வந்துட்டோம். ராத்திரி காய்ச்சல், இடது அடிவயித்துல கைய வைக்க விடல.

அப்பறந்தான் சொல்றா, ஆறு மாசமா மோஷன் சரியா போகலயாம். பக்கத்து கிளினிக்ல ஒவ்வொரு தடவையும் கேஸ் மாத்திரதான் குடுத்திருக்காங்க, ஒரு ஸ்கேன் எழுதல. எனக்கு வந்த கோவம்!

மறுநாள் காலைல அஞ்சு ரோடு பக்கம் ஸ்கேன் சென்டர், 8 மணிக்கு டோக்கன், மத்தியானத்துக்குள்ள சிடி ரிப்போர்ட்டும் கைல. இந்த வேகத்த சிங்கப்பூர்ல நான் பாத்ததில்ல. சினைப்பைல டெர்மாய்டு கட்டி, உள்ள கொழுப்பு, பல்லு மாதிரி ஒண்ணு, கூடவே காத்துக் குமிழி. சாயங்காலம் டாக்டரம்மா படத்த பாத்துட்டு மெதுவா கேட்டாங்க, "மோஷன்ல முடி ஏதும் வந்துச்சாம்மா?" அக்கா செவுத்த பாத்துக்கிட்டே தலையாட்டுனா. சோத்துல கெடந்த முடின்னு நெனச்சாளாம், வெக்கத்துல யார்கிட்டயும் சொல்லல.

கருமுட்டை ஆகற செல்லுல இருந்து வளர்ற கட்டிங்கறதால தோலு, முடி, பல்லுன்னு எது வேணா இருக்குமாம், பெரும்பாலும் சும்மா கெடக்கும், இல்லன்னா முறுக்கிக்கும். இப்படி குடல்ல ஒட்டி ஓட்ட போடறது ரொம்ப அபூர்வம், கட்டிக்குள்ள காத்து வந்ததே அந்த வழியாத்தான். புத்துநோயா மாறுனாலும் இப்படி துளைக்கும்னு சொன்னதுல வீட்ல யாருக்கும் சோறு எறங்கல.

மகப்பேறு டாக்டரும் குடல் சர்ஜனும் ஒண்ணா நின்னு வயித்த தொறந்து, கட்டியோட குடல்ல ஒரு துண்டையும் எடுத்து தச்சாங்க. மலம் போறதுக்கு வயித்துக்கு வெளிய பை வைக்க வேண்டி வரல. பயாப்ஸி பத்து நாள் கழிச்சு வந்துச்சு, சாதாரண கட்டிதான்.

நர்ஸுங்க தங்கமானவங்க. ஆனா அட்வான்ஸ் ரொக்கமாத்தான் வேணும்னு ராத்திரி 11 மணிக்கு என்னைய ஏடிஎம் ஏடிஎம்மா அலைய விட்டாங்க, கூட இருக்கறவங்களுக்கு படுக்க ஒரு பெஞ்சு கூட இல்ல. டிஸ்சார்ஜ் அன்னிக்கு சிடி ஸ்கேன் டிஸ்க்கயும் பயாப்ஸி ஸ்லைடையும் நீங்களே கேட்டு வாங்கிக்கங்க, நான் மூணு தடவ கேட்டப்பறந்தான் குடுத்தாங்க.