ஒரு வாரம், ஒரே பெரிய நாவலா, நாளுக்கொரு வகைக் கதையா?

லீவு ஏழு நாள். 'பொன்னியின் செல்வன்' எடுப்பதா, தினம் ஒரு வகையாக மாற்றிப் படிப்பதா என்று குழம்புகிறவர்களுக்கு.

செலவு: இரண்டுக்கும் இல்லை. கல்கி, புதுமைப்பித்தன் எழுத்துகள் நாட்டுடைமை, மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் இலவசம்.

நேரம்: நாவல் ஐந்து பாகம், 1950 முதல் வாராவாரம் தொடராக வந்ததை ஏழு நாளில் முடிக்கத் தூக்கத்தை விட வேண்டும். சிறுகதை ஒரே மூச்சு.

மனதில் நிற்பது: நாவலில் வந்தியத்தேவனோடு குதிரையிலேயே போய்விடுவோம், வீராணம் ஏரிக்கரை கண்ணை விட்டு அகலாது. மாற்றிப் படித்தால் ஓர் இரவு புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' பயம், மறுநாள் அவரது 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' சிரிப்பு, ஒரே ஆளா இரண்டையும் எழுதினார் என்ற வியப்பு, அப்பா, அந்தச் சுகமே தனி.

வாரம் முழுக்க ஓய்வா, நாவல். இரவில் ஒரு மணி நேரம்தான் கிடைக்குமா, அல்லது படிப்பு விட்டுப்போய் வெகுநாளா, சரி, 'காஞ்சனை'யில் தொடங்குங்கள்.