சுவர்க்கோழி முட்டை பொரிக்க எது நல்லது: கோகோபீட்டா, மணலா, வெர்மிகுலைட்டா, பஞ்சா?

பல்லி, தவளைக்குத் தீனியாகவும் வளர்க்கப்படும் பூச்சி சுவர்க்கோழி (ஆங்கிலத்தில் கிரிக்கெட்). அதை வளர்க்க ஆரம்பிக்கிறவர்கள் பெட்டி, தீவனம், ஒளிந்துகொள்ள முட்டை அட்டை என்று எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து வாங்குவார்கள். முட்டையிட வைக்கும் சின்ன டப்பாவில் மட்டும் கையில் கிடைத்த மண்ணைப் போட்டுவிடுவார்கள். அப்புறம் பார்த்தால் பெரிய பூச்சிகள் நன்றாகத் தின்னும், ஆண்கள் ராத்திரி முழுக்கக் கத்தும், பெண்கள் முட்டையும் இடும், குஞ்சு மட்டும் வராது. அந்தச் சின்ன டப்பாதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது, அதனால் இந்த அலசலில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

முதலில் அங்கே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். பெண்ணின் வயிற்று நுனியில் ஊசி மாதிரி நீளமாக ஒரு குழல் இருக்கும். அதை ஈரமான இடத்தில் சுமார் 1 செ.மீ. ஆழத்துக்குக் குத்தி, ஒவ்வொன்றாக முட்டை வைக்கும். முட்டை 2 முதல் 2.5 மி.மீ. நீளம், வெளிர் மஞ்சள், பார்க்கக் குட்டி அரிசி போல இருக்கும். இது கோழிமுட்டை மாதிரி எல்லாவற்றையும் உள்ளேயே வைத்துக்கொண்டு வருவதில்லை, சுற்றியுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பருத்துத்தான் வளரும். நடுவில் ஒருமுறை நன்றாகக் காய்ந்தால் போதும், அந்த டப்பா முழுக்க வீண். நீர் தேங்கினாலோ காற்றுப் போகாமல் அழுகிவிடும். ஆக நமக்கு வேண்டியது ஈரத்தைப் பிடித்துவைத்து, நீரைத் தேக்காமல், கெட்டியாக இறுகாமல் இருக்கும் ஒரு பொருள்.

இந்த மூன்றையும் கோகோபீட், அதாவது தேங்காய் நார்த்தூள், செய்கிறது, என் ஓட்டு அதற்குத்தான். காய்ந்த கட்டியை நீரில் ஊறவைத்துக் கையில் எடுத்து இறுக்கிப் பிழியுங்கள், ஒன்றிரண்டு சொட்டு மட்டும் வந்தால் பதம் சரி, தாரையாக ஒழுகினால் இன்னும் பிழிய வேண்டும். இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதன் நிறம்: ஈரமாக இருந்தால் கரும்பழுப்பு, காய ஆரம்பித்தால் மேலே வெளுத்துவிடும், தொட்டுப் பார்க்கக்கூட வேண்டாம். கரிய பரப்பில் வெளிர் முட்டை பளிச்சென்று தெரிவதால், பெண்கள் முட்டை வைத்திருக்கிறதா என்று ஓரமாகக் கொஞ்சம் கிளறினாலே தெரிந்துவிடும். ஒரே ஒரு எச்சரிக்கை, சில கட்டிகளில் உப்பு மிஞ்சியிருக்கும், இரண்டு தடவை நல்ல நீரில் அலசிப் பிழிந்த பிறகே போடுங்கள்.

வெர்மிகுலைட், அதாவது சூட்டில் பொரித்த செதில் கனிமம், இரண்டாவது இடம். ஈரம் பிடிப்பதில் கோகோபீட்டுக்குக் குறைந்ததில்லை, பூஞ்சை பிடிப்பதும் குறைவு. ஆனால் மினுங்கும் செதில்களுக்கு நடுவே முட்டையைக் கண்டுபிடிப்பது கண்ணுக்கு வேதனை, காய்ந்ததா இல்லையா என்று நிறத்தை வைத்துச் சொல்வதும் கடினம். லேசான பொருள் வேறு, பெரிய பூச்சிகள் காலால் கிளறிப் பெட்டி முழுக்க இறைத்துவிடும். கோகோபீட்டில் திரும்பத் திரும்பப் பூஞ்சை வருகிறது என்றால் இதற்கு மாறலாம், இல்லையென்றால் அவசியமில்லை.

மணலைப் பலர் பரிந்துரைக்கிறார்கள், நான் பரிந்துரைக்க மாட்டேன். மேலே காய்ந்து அடியில் நீர் தேங்கும், அதாவது இரண்டு கெடுதலும் ஒரே டப்பாவில். அதைவிடப் பெரிய சிக்கல் பொரிக்கும் நேரத்தில் வருகிறது. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு மெல்லிய ஒரு உறைக்குள் சுருண்டு, புழு மாதிரி நெளிந்து நெளிந்து மேலே வந்த பிறகுதான் அந்த உறையை உரித்துவிட்டுக் காலை நீட்டும். மேற்பரப்பு காய்ந்து இறுகியிருந்தால் அந்தக் கடைசி ஒரு செ.மீ. தூரத்தை அதனால் தாண்ட முடியாது. மணலுக்கு ஒரு நன்மை உண்டு, அதை மறைக்கக் கூடாது: மிக நுண்ணிய மணலைச் சல்லடையில் நீர்விட்டு அலசினால் முட்டை மட்டும் தங்கும், எண்ணிப் பார்க்கலாம். முட்டைகளை எண்ணிப் பதிவு செய்ய வேண்டியவர்களுக்கு அது உதவும், நமக்கு வேண்டியது குஞ்சு.

பஞ்சும் கிட்டத்தட்ட அதே கதைதான். பெண்கள் ஆசையாக முட்டை வைக்கும், பிரித்தெடுப்பதும் சுலபம். ஆனால் சீக்கிரம் காயும், சீக்கிரம் நாறும், பொரித்த குஞ்சின் கால் நாரில் மாட்டும். தோட்டத்து மண் வேண்டவே வேண்டாம், உண்ணி, எறும்பு, பூச்சிமருந்து எது கூடவே வரும் என்று சொல்ல முடியாது.

எதைப் போட்டாலும் 3 செ.மீ. ஆழமாவது இருக்கட்டும், மேலே கொசுவலைத் துண்டு ஒன்றைப் படிய வையுங்கள். பெண்ணின் குழல் வலைக்கண் வழியே இறங்கிவிடும், மற்ற பூச்சிகள் தோண்டி முட்டையைத் தின்ன முடியாது. ஆமாம், தின்னும், கொஞ்சமும் தயங்காது.

அடுத்த கேள்வி, டப்பாவைப் பெரிய பூச்சிகளுடனேயே விட்டுவிடுவதா, தனியே எடுப்பதா. விட்டுவிடுவது வேலை குறைவு, அதைத் தவிர அதில் நல்லது எதுவும் இல்லை. பொரிக்கிற குஞ்சை பெரியது தின்னும், தப்பிப் பிழைத்தவை பல அளவில் இருப்பதால் பெரிய குஞ்சு சின்னதைத் தின்னும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை டப்பாவை எடுத்து மூடி, மூடியில் சின்னச் சின்னத் துளை போட்டு, தேதி எழுதி, வெதுவெதுப்பான இடத்தில் தனியே வையுங்கள். பழையதை எடுத்த கையோடு புதியதை உள்ளே வைத்துவிடுங்கள். ஒரே டப்பாவில் வருகிற குஞ்சுகள் கிட்டத்தட்ட ஒரே வயதாக இருக்கும், ஒன்றை ஒன்று கடிப்பதும் குறையும், பல்லிக்கோ தவளைக்கோ தீனியாகக் கொடுப்பவர்களுக்கு வேண்டிய அளவில் எடுக்கவும் சௌகரியம்.

சூட்டுக்கு இரண்டு வழி, ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு) அல்லது பல்பு. முட்டைக்கு 30 டிகிரி செல்சியஸ் கிடைத்தால் 10 முதல் 13 நாளில் பொரிக்கும், 25 டிகிரி என்றால் இரண்டு வாரத்தைத் தாண்டும், 20-க்குக் கீழே போனால் நம்பிக்கை வேண்டாம். பல்பு மேலேயிருந்து காயவைக்கும், முட்டைக்கு அது நேர் எதிரி. ஹீட் மேட்டை டப்பாவின் அடியில் வைக்காமல் பக்கத்தில் நிறுத்தி வையுங்கள், அடியில் வைத்தால் ஈரம் அடியிலிருந்தே காய்ந்துவிடும். அறையே அந்தச் சூட்டில் இருந்தால் இரண்டுமே தேவையில்லை.

குஞ்சுக்குத் தண்ணீர் வைப்பதில் போட்டியே கிடையாது. கிண்ணத்தில் வைத்தால் மூழ்கிச் சாகும், 2 மி.மீ. உயிருக்கு ஒரு சொட்டே குளம். நனைத்த ஸ்பாஞ்சு அல்லது கேரட் துண்டு, இரண்டில் எதுவானாலும் தினம் மாற்றுங்கள். தீவனத்துக்குத் தவிடும் கோழிக்குஞ்சுத் தீவனமும் பொடித்துப் போட்டால் போதும்.

கடைசியாக எந்த இனம் என்பது. வீட்டுச் சுவர்க்கோழி, அதாவது அகீட்டா டொமெஸ்டிகஸ், சாதுவானது, வழவழப்பான பிளாஸ்டிக்கில் ஏறாது, புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஏற்றது. ஆனால் அதற்கென்றே டென்சோவைரஸ் என்ற, கூட்டத்தையே கொன்றுவிடும் ஒரு வைரஸ் இருக்கிறது, 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வட அமெரிக்காவில் பெரிய பண்ணைகளையே மூடவைத்தது அதுதான். இறக்கை தொடங்கும் இடத்தில் இரண்டு மஞ்சள் புள்ளி உள்ள கறுப்புச் சுவர்க்கோழி பெரியது, சதைப்பற்றானது, கத்தலும் கடியும் அதிகம், படுக்கையறைக்குப் பக்கத்தில் வைக்கவே முடியாது. பட்டைச் சுவர்க்கோழி, கிரில்லோடஸ் சிஜில்லாட்டஸ், சின்னது, அந்த வைரஸைத் தாங்கும், ஆனால் பெட்டியைத் திறந்த நொடியில் துள்ளி ஓடும், மூடியில் கொஞ்சம் இடுக்கு இருந்தாலும் வெளியே போய்விடும். மூன்றுமே முட்டைக்குக் குளிர்காலம் கேட்காதவை, ஆண்டு முழுக்கப் பொரிக்கும். முதல் தடவை என்றால் வீட்டுச் சுவர்க்கோழியையே எடுங்கள், வேறு இடத்திலிருந்து வாங்கிய புதுப் பூச்சியை மட்டும் பழைய கூட்டத்தில் உடனே கலக்காதீர்கள், ஒரு தலைமுறை தனிப் பெட்டியில் பொரித்து வளர்ந்து நன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேர்த்துவிடுங்கள்.