டேட்டாமேன் 262: ஓடுகிற பாகத்தில் எவ்வளவு நம்பலாம்?

காக்னெக்ஸின் டேட்டாமேன் 262 நிலையாகப் பொருத்தும் கேமரா வகை பார்கோடு ரீடர். சென்சார் 1280 × 960 பிக்சல். நேராகவும் 90 டிகிரி மடக்கியும் வைக்கலாம் என்பதால் கன்வேயர் ஓரத்துச் சந்திலும் அடங்கிவிடும். காகித லேபிள் இதற்குச் சாதாரணம். உலோகத்தில் லேசரில் பொறித்த டேட்டா மேட்ரிக்ஸில்தான் (சின்னச் சதுரக் கட்டங்களால் ஆன ‘கோட்’, code) இதன் திறமையைப் பார்க்க வேண்டும்.

அங்கே வேகத்தைத் தீர்மானிப்பது வெளிச்சம். கோடின் (code) ஒரு கட்டம் 0.25 மி.மீ. என்று வைப்போம். கட்டத்துக்கு 4 பிக்சல் வேண்டுமென்றால் 80 மி.மீ. அகலம் வரை காட்சி கிடைக்கும், தாராளம். ஆனால் கன்வேயர் நொடிக்கு 1 மீட்டர் ஓடும்போது எக்ஸ்போஷர் (சென்சார் ஒளி வாங்கும் நேரம்) 100 மைக்ரோசெகண்ட் என்றால், படம் பிடிக்கும் அந்த இடைவெளியிலேயே பாகம் 0.1 மி.மீ. நகர்ந்துவிடும். கட்டத்தில் 40 சதவீதம் இழுபட்டுப்போகிறது. எக்ஸ்போஷரை 50-க்கு இறக்கினால் இழுபடுவது பாதியாகும், வெளிச்சமும் பாதியாகும். கெயினை (சென்சார் சிக்னலைப் பெருக்கும் அளவை) ஏற்றிச் சமாளிக்காதீர்கள், படம் மணல் தூவியதுபோல் ஆகிவிடும். வெளியே தனி லைட் போடுவதே சரி.

பளபளக்கும் அலுமினியத்துக்கு நேரெதிரே ரீடரை வைத்தால் லைட்டின் பிம்பமே கோடின்மேல் வெள்ளைத் திட்டாக விழும். 15 டிகிரி சாய்த்தால் பெரும்பாலும் தீரும். பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரும் உதவும், ஆனால் வெளிச்சத்தை நிறைய விழுங்கும். லிக்விட் லென்ஸ் (மின்சாரத்தால் ஃபோகஸ் மாற்றும் லென்ஸ்) வாங்கினால் செட்டிங்கின்போது ஃபோகஸ் பிடித்துப் பூட்டிவிடுங்கள். பாகத்துக்குப் பாகம் ஃபோகஸ் தேட லைனில் நேரமில்லை.

நொடிக்கு 10 பாகம் வந்தால் ஒன்றுக்கு 100 மில்லிசெகண்ட்தான். டைம்அவுட்டை (ரீடர் படிக்க முயலும் அதிகபட்ச நேரத்தை) 80-க்குள் வையுங்கள். இல்லையென்றால் அடுத்த ட்ரிக்கர் (படமெடுக்கச் சொல்லும் சிக்னல்) தவறி, ஒரு பாகத்தின் கோட் பக்கத்துப் பாகத்தின் கணக்கில் ஏறிவிடும். படிக்காமல் போவதைவிட இது மோசம். அதனால் லைனை இயக்கும் கன்ட்ரோலரான பி.எல்.சி.யில் ‘படித்தது’ வந்தால் மட்டும் பாகம் கடக்கட்டும், பதிலே வராவிட்டாலும் ரிஜெக்ட். முந்தைய எண்ணே மறுபடி வந்தாலும் நிறுத்துங்கள்.

இதன் தர அளவீட்டைக் காட்டி வாடிக்கையாளருக்குக் கிரேடு சான்று தரக்கூடாது. நேரடிப் பொறிப்புக்கு ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 29158 என்ற சர்வதேசத் தரநிலைப்படி கிரேடு கேட்டால் அளவுதிருத்தம் செய்த வெரிஃபையர் (கோடின் தரத்தை அளக்கும் கருவி) தனியாக வேண்டும். இதன் எண்கள் பொறிப்பு நாளுக்கு நாள் மங்குகிறதா என்று கவனிக்க உதவும், அதற்கு மட்டும் நன்றாக உதவும்.