பாளையங்கோட்டை பக்கம் ஒரு 'பசுமை' ஆஸ்பத்திரி - மூணரை ஸ்டார்

அத்தைக்கு பித்தப்பை கல் ஆபரேசன், புதுசா கட்டுன ஒரு தனியார் ஆஸ்பத்திரில சேத்துருந்தோம். டாக்டர் நர்சு எல்லாரும் நல்லா பாத்தாவ, அதுல கொறையே இல்ல. நான் சொல்ல வந்தது கட்டடத்த பத்தி. வாசல்லயே பெருசா பசுமை மருத்துவமனைன்னு போர்டு, மொட்டமாடி பூரா சோலார், சரிதான், நம்மூரு வெயிலுக்கு அதுகூட போடலன்னா எப்படி? ஆனா கீழ ஹால்ல ஏசி 18ல ஓடுது, கதவு தெறந்தே கெடக்கு, வந்தவியெல்லாம் முந்தானைய இழுத்துப் போத்திக்கிட்டு உக்காந்துருக்காவ. கரண்ட் அப்படியே ரோட்டுக்குப் போவுது!

மயக்க டாக்டர்ட்ட பேச்சு குடுத்தேன், பொறுமையா சொன்னாரு. டெஸ்ஃப்ளூரேன்னு ஒரு மயக்க வாயு இருக்காம், நூறு வருச கணக்குல பாத்தா கார்பன் டை ஆக்சைட விட சுமார் 2500 மடங்கு பூமிய சூடாக்குமாம், ஸ்காட்லாந்துல 2023லயே நிறுத்திட்டாவளாம். இங்க அத விட ரொம்ப கம்மியா சூடாக்குற செவோஃப்ளூரேன்ங்கிற மயக்க வாயுதான், அதுவும் கம்மி ஃப்ளோவுல குடுக்காவ. நைட்ரஸ் ஆக்சைடுன்னு இன்னொரு மயக்க வாயு, அதுவும் பூமிய சூடாக்குறதுதான், அதுக்கு பைப்லைன் கெடையாது, பைப்ல கசிஞ்சே பாதிக்கு மேல வீணாப் போகும்னு தேவைக்கு மட்டும் சின்ன சிலிண்டர். ஏ அய்யா, இதையில்லா மொதல்ல போர்டுல எழுதணும்!

கேன்டீன் சொதி அருமை. பார்க்கிங் மோசம், பைக்க வெயில்லதான் விடணும்.