கட்டணம் வாங்குவது ஆன்லைன், கேள்வி கேட்டால் கியூ

எம்.ஏ. தமிழ் தொலைநிலைக் கல்வியில் படிக்கிறேன். எந்தப் பல்கலைக்கழகம் என்பது வேண்டாம், பாடப் புத்தகங்களைப் பற்றியும் இங்கே பேச்சில்லை, அவர்களுடைய மாணவர் போர்ட்டலைப் பற்றி மட்டும்தான்.

சேர்க்கை சுலபம். 2024 செப்டம்பர் பருவத்திலிருந்து யுஜிசியின் டெப் ஐடி (தொலைநிலை மாணவருக்கான அடையாள எண்) இல்லாமல் தொலைநிலையில் சேர முடியாது, அதற்கு முதலில் 12 இலக்க ஏபிசி ஐடி (படிப்பில் வாங்கும் கிரெடிட்டுகளைச் சேர்த்து வைக்கும் கணக்கின் எண்) வேண்டும், அதை டிஜிலாக்கரில் ஆதாரைக் கொடுத்து எடுக்கலாம். கேட்டால் தலை சுற்றும், ஆனால் ஒரே சாயங்காலத்தில் எல்லாம் முடிந்தது. அசைன்மென்ட் ஏற்றுவதுதான் கொஞ்சம் பாடு. கையால் எழுதிய இருபது பக்கத்தைப் போனில் ஸ்கேன் செய்து 2 எம்பிக்குள் அடக்குவதற்குள் எழுத்தே மங்கிவிடுகிறது. சரி, சமாளிக்கலாம்.

தேர்வுக் கட்டணத்தில்தான் மாட்டினேன். ரூ.1,150 யுபிஐயில் போனது, வங்கியிலிருந்து எஸ்எம்எஸ்ஸும் வந்தது, போர்ட்டலில் மட்டும் 'பெண்டிங்'. பக்கத்திலேயே 'மீண்டும் செலுத்துக' என்று பச்சைப் பொத்தான் வேறு! ஹெல்ப்டெஸ்க்கில் புகார் போட்டேன், பதில் எதுவும் சொல்லாமலே இரண்டாம் நாள் 'தீர்க்கப்பட்டது' என்று மூடிவிட்டார்கள். ஹால் டிக்கெட் வரவில்லை. அரை நாள் லீவு போட்டு மையத்துக்குப் போனால் எனக்கு முன்னால் ஏழு பேர், எல்லோர் போனிலும் அதே 'பெண்டிங்' ஸ்கிரீன்ஷாட்.

கவுன்டரில் இருந்தவர், "யுடிஆர் நம்பர் இருக்கா சார்?" என்றார், அதாவது ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் தனியாக வரும் அடையாள எண். வங்கி அனுப்பிய எக்செல் ஃபைலைத் திறந்து எண்ணைத் தேடினார், கிடைத்தது, பக்கத்து விண்டோவில் ஒரு டிக் போட்டார், அவ்வளவுதான். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வங்கிக் கணக்கையும் போர்ட்டலையும் தினமும் ராத்திரி ஒப்பிட்டுப் பார்ப்பது கம்ப்யூட்டர் செய்ய வேண்டிய வேலை, அதை இந்த மனிதர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் செய்துகொண்டிருக்கிறார். வேலைக்குப் போகிறவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், நேரில் வர முடியாது என்பதற்காகத்தானே தொலைநிலையில் சேருகிறார்கள்? அவர்களையே வரிசையில் நிறுத்தினால் எப்படி?

ஐந்துக்கு இரண்டரை தருகிறேன், அதில் அரை அந்தக் கவுன்டர்காரருக்கு. சேருகிறவர்கள் யுடிஆர் எண்ணை மறக்காமல் குறித்து வையுங்கள். அடுத்த செமஸ்டருக்குக் கடைசித் தேதிக்குப் பத்து நாள் முன்னாலேயே கட்டிவிடப் போகிறேன், கையில் லீவு இல்லை.